வேலை போன பின் 30 நாள்: தென்னாப்பிரிக்காவில் பணிநீக்க வழக்குகள் எங்கே தோற்கின்றன

1890களின் நடுவில், டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். காந்தி முதலில் அவரை டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார். பிறகு நேரே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய் வாக்குமூலத்தைக் கொடுத்தார். முதலாளிக்குத் தண்டனை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இந்த ஆளை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறு முதலாளியிடம் மாற்ற வேண்டும் என்றார். அது நடந்தது. ஒப்பந்தக் கூலி தானாக வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறைவாசம் என்று இருந்த காலம் அது.

சட்டம் இன்று அடியோடு மாறிவிட்டது. ஆனால் அந்த வழக்கை நடத்திய மூன்று விஷயங்களும் மாறவில்லை: சான்றை உடனே கையில் எடுத்தது, போக வேண்டிய இடத்துக்குப் போனது, என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டது. நியாயம் தன் பக்கம் இருந்தும் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் சறுக்குகிறார்கள். அதிலும் முதலில் கைவிட்டுப் போவது காலம்.

1995-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் சட்டமான தொழிலுறவுச் சட்டம் 1996 நவம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே சமரசம், மத்தியஸ்தம், நடுவர் தீர்ப்பு ஆகியவற்றுக்கான ஆணையமும் வேலையைத் தொடங்கியது. அதன் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது சிசிஎம்ஏ. அங்கே மனுப் போட ஒரு சென்ட்கூடக் கட்டணம் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் கடையில் நின்றவருக்கும், மிட்ராண்டில் கணினி முன்னால் உட்கார்ந்தவருக்கும், கோயிலில் சமையல் செய்தவருக்கும் அதே படிவம், அதே கெடு.

அந்தக் கெடு 30 நாள். பணிநீக்கம் நடந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு இருந்து, அதன் முடிவு பிறகு வந்தால், அந்த இறுதி முடிவின் தேதியிலிருந்து எண்ணலாம். இவை காலண்டர் நாள்கள். சனி, ஞாயிறு எல்லாம் சேரும். முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். மார்ச் 3-ஆம் தேதி வேலையிலிருந்து நீக்கினார்கள் என்றால் மார்ச் 4 முதல் நாள், ஏப்ரல் 2 முப்பதாவது நாள். சிசிஎம்ஏ விதிகளின்படி, ஒரு கெடுவின் கடைசி நாள் டிசம்பர் 16-க்கும் ஜனவரி 7-க்கும் இடையில் விழுந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சலுகையை நம்பிக் காத்திருப்பது மட்டும் புத்தியல்ல. நவம்பரில் வேலை போனவர் நவம்பரிலேயே மனுப் போட்டுவிடுவது நல்லது.

நாள் ஏன் தவறுகிறது? பெரும்பாலும் நம்பிக்கையால்தான். "பொறுங்க தம்பி, பெரியவர் இந்தியாவிலிருந்து வரட்டும், பேசி முடிச்சிடலாம்" என்று மேலாளர் சொல்வார். நம் ஆட்களுக்குள் நடக்கும் தொழிலில் இந்தப் பேச்சு அதிகம். சொந்தம், ஊர், கோயில் என்று ஏதாவது ஒரு கயிறு இருவரையும் கட்டியிருக்கும். ஆறு வாரம் கழித்துப் பெரியவர் வந்து கையை விரிப்பார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்பது கெடுவை நிறுத்தி வைக்காது. மனுவைப் போட்டுவிட்டும் பேசலாம். பேச்சு முடிந்தால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

நாள் தவறியவருக்குக் கதவு முழுதாக மூடிவிடுவதில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரி உறுதிமொழிப் பத்திரத்துடன் மனுச் செய்யலாம். எத்தனை நாள் தாமதம், ஏன், மூல வழக்கில் ஜெயிக்க என்ன வாய்ப்பு, தாமதத்தால் எந்தத் தரப்புக்கு என்ன பாதிப்பு ஆகியவற்றைக் கமிஷனர், அதாவது சிசிஎம்ஏவில் வழக்கைக் கேட்பவர், எடைபோடுவார். "எனக்குச் சட்டம் தெரியாது" என்று மட்டும் எழுதினால் பெரிதாக எடுபடாது. எந்தத் தேதியில் யாரைப் பார்த்தேன், எந்த வாரம் மருத்துவமனையில் இருந்தேன், எப்போது கெடு பற்றித் தெரிந்துகொண்டேன், தெரிந்த மறுநாள் என்ன செய்தேன் என்று தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். விளக்கம் இல்லாத வாரம் ஒன்று இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

படிவத்தின் எண் 7.11. நிரப்புவது கடினமில்லை, ஆனால் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, முதலாளியின் பெயர். கடைப் பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, சம்பளச் சீட்டில் இருக்கும் கம்பெனிப் பெயர் வேறொன்று என்பது இங்கே சகஜம். பலகைப் பெயரை எழுதி ஜெயித்துவிட்டு, பணம் வசூலிக்கப் போகும்போது "அப்படி ஒரு கம்பெனியே இல்லை" என்ற பதிலோடு திரும்ப நேரும். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வரிச் சான்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவான பெயரையே எழுத வேண்டும். இரண்டாவது, முதலாளிக்கு நகல் கொடுத்த சான்று. படிவத்தை முதலில் முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான ஆதாரத்தையும் சேர்த்துத்தான் சிசிஎம்ஏவுக்குத் தர வேண்டும். பதிவுத் தபால் சீட்டு, மின்னஞ்சல் போனதன் அச்சு, நேரில் கொடுத்தால் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒன்றுமே இல்லாவிட்டால் மனு குறையுள்ளதாகிவிடும். அதைச் சரி செய்வதற்குள் 30 நாள் ஓடிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் தேவையா என்றும் படிவம் கேட்கிறது. ஆட்சி மொழிகளுக்கு ஆள் ஏற்பாடு செய்வார்கள். தமிழ் ஆட்சி மொழி இல்லை. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மதிப்பளித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது, அவ்வளவுதான். அண்மையில் ஊரிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் தடுமாறுவார் என்றால் தேவையைப் படிவத்திலேயே எழுதிவிட்டு, விசாரணைக்கு முன்பே ஆணையத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். அன்று காலையில் போய் நின்று கேட்டால் ஒத்திவைப்புத்தான் மிஞ்சும்.

எல்லா வழக்கும் சிசிஎம்ஏவுக்குப் போவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர், ஆடைத் தொழிற்சாலை, உலோகத் தொழில், சரக்கு லாரி போன்ற துறைகளுக்குத் தனித்தனிப் பேரப் பேச்சு மன்றங்கள் உண்டு. தவறான இடத்தில் போட்டால் மாற்றிவிட வழி இருக்கிறது, ஆனால் வாரங்கள் போகும். பதவி உயர்வு, இடைநீக்கம் போன்றவற்றில் நடக்கும் நியாயமற்ற நடத்தைக்குக் கெடு 90 நாள். பாகுபாடு, பாலியல் தொல்லை என்றால் 6 மாதம். சம்பள பாக்கி மட்டும் என்றால், ஆண்டு வருமானம் அரசு அறிவிக்கும் வரம்புக்குள் இருப்பவர் அதற்கும் சிசிஎம்ஏவுக்கே போகலாம். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 2,61,748.45 ராண்டாக இருந்தது.

முதல் கட்டம் சமரசப் பேச்சு. மனு வந்து 30 நாளுக்குள் இதை முடிக்க வேண்டும். அந்த அறையில் பேசியது எதையும் பிறகு விசாரணையில் சான்றாகக் கொண்டுவர முடியாது. வக்கீல்களுக்கு அங்கே இடமில்லை. கமிஷனர் இரு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அதனால் தீர்ப்புச் சொல்லும் இடம் என்று நினைத்துக்கொண்டு, பழைய மனக்காயத்தையெல்லாம் கொட்டி ஒரு மணி நேரத்தைச் செலவழிப்பதில் பயனில்லை. திரும்ப வேலை வேண்டுமா, எத்தனை மாதச் சம்பளம் போதும், நற்சான்றுக் கடிதம் வேண்டுமா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகிறவர்தான் அங்கே எதையாவது வாங்கிக்கொண்டு வருகிறார்.

உடன்பாட்டுத் தாளில் கையெழுத்துப் போடுமுன் நிதானித்துப் படிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. "ஊழியர் ராஜினாமா செய்ததாகக் கொள்ளப்படும்" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். கௌரவமாகத் தெரியும். ஆனால் வேலையின்மைக் காப்பு நிதியில், அதாவது யூஐஎஃப்-இல், தானாக ராஜினாமா செய்தவருக்குப் பணம் கிடையாது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு உடன்பட்டவர் அந்த ஒரு வரியால் பல மாத யூஐஎஃப் தொகையை இழந்துவிடலாம். பிரிந்ததற்கான காரணத்தை எப்படி எழுதுவது என்று கமிஷனர் முன்னிலையிலேயே பேசித் தீர்க்க வேண்டும். யூஐஎஃப் கோரத் தேவையான யூஐ-19 படிவமும் பணிச் சான்றும் எந்தத் தேதிக்குள் வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். தொகையை எழுதும்போது வரிக்கு முந்தையதா, கைக்கு வருவதா என்பதும் வேண்டும். கணக்கில் நிற்கும் விடுமுறைச் சம்பளமும் முன்னறிவிப்புச் சம்பளமும் ஏற்கெனவே ஊழியருக்குச் சேர வேண்டியவை. ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு முன்னறிவிப்பு 4 வாரம். அவற்றையே இழப்பீடு என்று பெயர் மாற்றி நீட்டினால் வாங்கிக்கொள்ளக் கூடாது.

சமரசம் கூடவில்லை என்றால் கமிஷனர் சான்று கொடுப்பார். அதிலிருந்து 90 நாளுக்குள் நடுவர் விசாரணை கேட்டு 7.13 படிவம் போட வேண்டும். சான்று வந்ததோடு வழக்குத் தானாக நகரும் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி நகராது. இன்னொன்று: அழைப்பில் கான்-ஆர்ப் என்று இருந்தால், சமரசம் முறிந்த அதே நாளில், அதே மேசையில் விசாரணை தொடங்கும். அதை விரும்பாத தரப்பு 7 நாள் முன்பே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். தகுதிகாண் காலத்தில் நடந்த நீக்கத்துக்கு அந்த ஆட்சேபமும் செல்லாது. "முதல் நாள் சும்மா பேச்சுத்தான்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு சாட்சியில்லாமல் போனவர், அன்று மாலைக்குள் விசாரணையையே முடித்துவிட்டு வருவார்.

நடுவர் விசாரணையில் சுமை இரண்டு பங்காகப் பிரிகிறது. என்னை நீக்கினார்கள் என்று நிரூபிப்பது ஊழியர் வேலை. நீக்கியது நியாயம் என்று நிரூபிப்பது முதலாளி வேலை. ஆகவே நீக்கியதை முதலாளி ஒத்துக்கொண்டால் அவர் சாட்சிகள்தான் முதலில் பேசுவார்கள். "நான் நீக்கவில்லை, அவரே வராமல் நின்றுவிட்டார்" என்று முதலாளி சொன்னால் நிலைமை மாறிவிடும். இது மிகப் பழக்கமான வாதம். இதற்காகத்தான், வாய்மொழியாக "நாளைக்கு வராதே" என்று சொல்லப்பட்டவர் அன்றைக்கே ஒரு வாட்ஸப் செய்தி அனுப்ப வேண்டும்: "இன்று மதியம் 2 மணிக்கு நீங்கள் என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னீர்கள். நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். பதில் சொல்லுங்கள்." அந்த மூன்று வரி பிறகு எத்தனை சாட்சியையும் விடக் கனமாக நிற்கும்.

மேசையில் நடப்பதைப் பார்ப்போம். கிடங்கில் 9 ஆண்டு வேலை செய்தவர், மாதம் 12,000 ராண்ட் வாங்கியவர், திருட்டுக் குற்றச்சாட்டில் நீக்கப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி மேலாளரை மட்டும் கூட்டி வந்திருக்கிறார். அவர் சொல்கிறார்: "செக்யூரிட்டி பார்த்ததாகச் சொன்னார்." செக்யூரிட்டி அறையில் இல்லை. அவர் எழுதிக் கொடுத்த தாள் மட்டும் இருக்கிறது. இது கேட்டுச் சொல்லும் சாட்சி. கமிஷனர் அதை முழுதாகத் தள்ளாவிட்டாலும், குறுக்கு விசாரணைக்கு ஆளே வராத தாளுக்கு எடை குறைவு. இங்கே ஊழியர் செய்யும் தவறு, நீண்ட உரை நிகழ்த்துவது. கேட்க வேண்டியவை சிறிய கேள்விகள்: நீங்கள் நேரில் பார்த்தீர்களா? கேமராப் பதிவு எங்கே? அன்றைய சரக்கு எண்ணிக்கைத் தாள் இருக்கிறதா? இதே தவறுக்கு வேறொருவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தீர்களா? மறுக்க வேண்டியதை எதிர்த்தரப்புச் சாட்சியிடமே மறுத்துக் கேட்டுவிட வேண்டும். அவர் எழுந்து போனபின் தன் முறை வரும்போது புதிதாக ஒரு கதை சொன்னால், "அவர் இருந்தபோது ஏன் கேட்கவில்லை?" என்று கமிஷனர் கேட்பார். ஆவணங்களைப் பக்க எண் போட்டுக் கட்டி, மூன்று நான்கு நகல் எடுத்துப் போக வேண்டும். வாட்ஸப் திரைப்பதிவில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும்.

முதலாளி தரப்பில் அதிகம் தவறுவது வேறு இடத்தில். அவர்கள் நீக்குமுன் நிறுவனத்துக்குள் நடத்திய உள் விசாரணையின் பதிவேட்டைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நடுவர் விசாரணை புதிதாக, அடியிலிருந்து நடக்கும். உள் விசாரணையில் பேசிய சாட்சிகள் இங்கேயும் வந்து பேச வேண்டும். மறுபக்கம், உள் விசாரணை கோர்ட் மாதிரி நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தந்தால் போதும் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2006-இலேயே சொல்லியிருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த புதிய பணிநீக்க நெறிமுறை சிறு தொழில்களுக்கு இதை இன்னும் எளிதாக்குகிறது.

தவறு நடந்தது நிரூபணமானாலும் நீக்கம் சரி என்று ஆகிவிடாது. 2007-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்த்த சிடுமோ வழக்கு இதற்கு அடிப்படை. சுரங்கக் கம்பெனியில் 15 ஆண்டு காவல் வேலை பார்த்தவர், ஆட்களைச் சோதனையிடும் முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று நீக்கப்பட்டார். கமிஷனர் அவருக்கு எழுத்து எச்சரிக்கை, 3 மாத இழப்பீடு, மீண்டும் வேலை என்று தீர்ப்பளித்தார். அது நிலைத்தது. தண்டனை நியாயமா என்று முடிவு செய்வது கமிஷனர்தான், முதலாளியின் கருத்துக்கு அவர் பணிய வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். ஆகவே நீண்ட சேவை, சுத்தமான பதிவேடு, தவறை ஒத்துக்கொண்டது எல்லாம் வாயால் சொல்லி விடாமல் சான்றாக வைக்க வேண்டியவை. அதே சமயம், நேர்மையின்மை நிரூபணமான இடத்தில் நீண்ட சேவை பல நேரங்களில் காப்பாற்றுவதில்லை.

நீக்கம் நியாயமற்றது என்றானால் முதல் பரிகாரம் மீண்டும் வேலை. ஊழியர் வேண்டாம் என்றாலோ, உறவு திரும்ப முடியாத அளவு கெட்டுவிட்டாலோ, நடைமுறையில் மட்டும் குறை இருந்தாலோ இழப்பீடு. அதன் உச்சம் 12 மாதச் சம்பளம். மேலே சொன்னவருக்கு அதிகபட்சம் 1,44,000 ராண்ட். அது உச்சவரம்பு, வழக்கமான தொகை அல்ல. கர்ப்பம், மதம், இனம், தொழிற்சங்க வேலை போன்ற காரணத்துக்காக நீக்கியிருந்தால் வரம்பு 24 மாதம். ஆனால் அந்த வழக்கு சமரசத்துக்குப் பின் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும்.

வக்கீல் வைக்கலாமா? நடத்தை அல்லது திறமை காரணமான நீக்கத்தில், கமிஷனரும் இரு தரப்பும் ஒப்பினால்தான், அல்லது வழக்கின் சிக்கலைப் பார்த்துக் கமிஷனர் அனுமதித்தால்தான் முடியும். தொழிற்சங்கப் பிரதிநிதி வரலாம். பணம் வாங்கிக்கொண்டு "நான் பேசி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் தனியார் ஆலோசகருக்கு அங்கே வாதாட உரிமை இல்லை. அவர்களிடம் ஏமாந்து, விசாரணை நாளில் தனியாக நிற்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

கோயில் குருக்களின் நிலைமை

இது நம் சமூகத்துக்கே உரிய பிரச்சினை, இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குருக்கள், நாதஸ்வரக்காரர், சிற்பி என்று வேலை விசாவில் அழைக்கப்படுகிறார்கள். நிர்வாகக் குழு மாறியதும் பிரச்சினை வருகிறது. அவர்கள் ஊழியர்களா? 2015-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு கிறிஸ்தவ சபையின் போதகர் ஊழியர் அல்ல என்று தீர்த்தது. அங்கே வேலை ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை, ஆன்மிகப் பணி என்ற புரிதல்தான் இருந்தது. குறைந்த வருமானம் உள்ளவரை ஊழியர் என்று ஊகிக்கும் சட்டப் பிரிவும், ஒப்பந்தமே இல்லாத இடத்தில் உதவவில்லை. அந்த வாதத்தைக் கோயில் குழுவும் எடுக்கலாம். ஆகவே வருவதற்கு முன்பே எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: மாதச் சம்பளம், நேரம், விடுமுறை, தங்குமிடம், யார் மேற்பார்வை. "தட்சிணை" என்று தராமல் "சம்பளம்" என்று தந்து, சீட்டும் கொடுத்து, யூஐஎஃப் பிடித்தமும் செய்தால், பிறகு "அவர் ஊழியரே இல்லை" என்று சொல்வது எளிதல்ல. விசாவுக்காகத் தூதரகத்தில் கொடுத்த ஒப்பந்தத்தின் நகலைக் குருக்கள் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

விசா முடிந்துவிட்டது, அதனால் உரிமை இல்லை என்று மிரட்டுவதும் நடக்கிறது. தொழிலாளர் நீதிமன்றம் 2008-இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில், செல்லத்தக்க வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவரும் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் ஊழியரே என்று தெளிவாகச் சொன்னது. மீண்டும் வேலையில் அமர்த்துவது விசா இல்லாமல் கடினம். இழப்பீடும் சம்பள பாக்கியும் கேட்கத் தடையில்லை.

மூக்குத்தி விஷயத்திலும் எந்தக் கதவு என்பது முக்கியம். டர்பன் பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்தியைத் தடை செய்தது பாகுபாடு என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2007 அக்டோபரில் தீர்த்தது. மதக் கட்டாயம் இல்லாமல், விரும்பிப் பின்பற்றும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. அந்த வழக்கு சமத்துவ நீதிமன்றத்தில் தொடங்கியது. அதே மூக்குத்திக்காக ஒரு பெண்ணைக் கடை முதலாளி தடுத்தால் சமத்துவ நீதிமன்றம் போக முடியாது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்கீழ் 6 மாதத்துக்குள் சிசிஎம்ஏவுக்குப் போக வேண்டும்.

வேலை சாராத சிறு பணத் தகராறு, திருமண மண்டப முன்பணம் திரும்பாதது போன்றவை, 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். முதலில் 14 நாள் கெடுவுடன் கோரிக்கைக் கடிதம். வக்கீல் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. தொகை கூடினால் மிச்சத்தை விட்டுக்கொடுத்து வரம்புக்குள் வரலாம். 2 லட்சம் ராண்ட் வரை மாவட்ட மாஜிஸ்திரேட், 4 லட்சம் வரை மண்டல நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். சாதாரணக் கடனுக்குக் காலாவதி 3 ஆண்டு. டாக்டர்மீது மருத்துவத் தொழில் மன்றத்திலும், வக்கீல்மீது 2018 முதல் சட்டத் தொழில் மன்றத்திலும் புகார் தரலாம். அவை ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், நோயாளிக்கு நஷ்டஈடு வாங்கித் தராது. நஷ்டஈட்டுக்குத் தனியே சிவில் வழக்கு வேண்டும், அதற்கும் அதே 3 ஆண்டுதான். புகார் நடக்கிறதே என்று காத்திருந்து அந்த 3 ஆண்டைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு.

தீர்ப்பு வந்த பின்

நடுவர் தீர்ப்பு 14 நாளுக்குள் வர வேண்டும். அதற்கு மேல்முறையீடு இல்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் சீராய்வு மட்டும் கேட்கலாம், 6 வாரத்துக்குள். கமிஷனர் தவறாக முடிவு செய்தார் என்பது போதாது, நியாயமான எந்த முடிவெடுப்பவரும் எட்ட முடியாத முடிவு என்று காட்ட வேண்டும். அழைப்புக் கிடைக்காமல் வராத தரப்புக்கு வேறு வழி: தீர்ப்பை நீக்கக் கோரித் தெரிந்த 14 நாளுக்குள் கமிஷனரிடமே மனுப் போடலாம்.

"சீராய்வு போட்டிருக்கிறோம், அது முடியட்டும்" என்று முதலாளி பணம் தராமல் இழுப்பார். 2015 ஜனவரியிலிருந்து அந்த வழி அடைபட்டிருக்கிறது. சீராய்வு போட்டதால் மட்டும் தீர்ப்பு நிற்காது. நிற்க வேண்டுமானால் முதலாளி பிணைத் தொகை கட்ட வேண்டும்: இழப்பீட்டுத் தீர்ப்பென்றால் முழுத் தொகைக்கும், மீண்டும் வேலை என்றால் 24 மாதச் சம்பளத்துக்கும். நீதிமன்றம் குறைத்தால் தவிர, பிணை இல்லையேல் வசூலைத் தொடரலாம். தீர்ப்பில் சொன்ன தேதி கடந்த மறுநாளே 7.18 படிவத்தில் தீர்ப்பைச் சான்றுபடுத்தக் கேட்க வேண்டும். இயக்குநர் முத்திரை வந்ததும் பணத் தீர்ப்பை ஷெரிஃபிடம் கொடுக்கலாம். அவர் கடைக்குப் போய் ஃபோர்க்லிஃப்டையோ குளிர்சாதனப் பெட்டியையோ பட்டியல் எழுதி ஜப்தி செய்வார். மீண்டும் வேலை என்ற தீர்ப்பை ஷெரிஃப் நிறைவேற்ற முடியாது. அதற்கு, தீர்ப்பில் குறித்த நாளில் சீருடையுடன் வாசலில் போய் நிற்க வேண்டும். திருப்பி அனுப்பினால் யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்குத் தொழிலாளர் நீதிமன்றம் போக வேண்டும்.